திட்டு வாங்கின நாலாம் நாள்

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் ஏமாறக்கூடாது. மற்றவர்கள் பயணக் கட்டுரையில் மலை ஏறுவார்கள், கடலில் குதிப்பார்கள். நான் போனதெல்லாம் என் வீட்டிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அதற்கே பாதி உயிர் போய்விட்டது.

பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் பார்த்து முடித்த சம்பந்தத்தில் கோவில்பட்டிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இவர் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். தொழிற்சாலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பிள்ளை இல்லை எங்களுக்கு. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்துவிட்டது.

வந்த புதிதில் எல்லாமே ஆச்சரியமாக இருந்தது. மண் கறுப்பாக இருப்பதைப் பற்றியே வீட்டுக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினவள் நான். அந்த உற்சாகம் எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஒருநாள் பார்த்தால் இல்லை. பயம் மட்டும் மிச்சம். தீக்குச்சிக்கு மருந்து கலக்கும் அறையிலிருந்து இவர் வீடு திரும்பும்வரை பயம். ஐப்பசி இடிக்குப் பயம். பூரானுக்குப் பயம். வருஷா வருஷம் வெளிநாட்டுக்காரி என்று போலீஸ் அலுவலகத்தில் பதியப் போகும்போது, இந்தத் தடவை போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். சொல்லிவிட்டால் தேவலை என்றும் தோன்றும். அப்படித் தோன்றுவதற்கும் ஒரு பயம்.

இன்னொன்றும் உண்டு. பதினோரு வருஷத்தில் இவர் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். தெருவும் அப்படித்தான். குழாயடியில் ஒருத்தியை ஒருத்தி கிழி கிழியென்று கிழிப்பார்கள். நான் குடத்தோடு போனால், "மலேசியாக்கா, நீங்க பிடிங்க" என்று விலகி நிற்பார்கள். விருந்தாளி என்றால் ஒரு வாரம், பத்து நாள் சரி. பதினோரு வருஷமா?

அப்படி இருக்கும்போதுதான் என் தங்கை கோமதி வந்தாள். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வராத காலம். மதுரையிலேயே ஒரு அம்பாசடர் காரை டிரைவரோடு ஐந்து நாளைக்கு அமர்த்திக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வாசலில் வந்து இறங்கினாள். கை நிறைய மினரல் வாட்டர் பாட்டில். "பசியாறியாச்சாக்கா?" என்றாள். காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் கடைவீதியில் புரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனேன். ஈப்போ ரொட்டி சானாயையும் இதையும் வைத்து அவள் பட்டிமன்றமே நடத்தினாள். சால்னா ஒரு வாய் வைத்ததும் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் கடலை மிட்டாயை உடைத்து நீட்டி, தின்றால் காரம் அடங்கும் என்றார். யாரோ கொடுத்ததைத் தின்னலாமா என்று கோமதி என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான். இரண்டு பேரும் தின்றோம்.

சாயங்காலம் இவரும் ஆபீஸிலிருந்து வந்த பிறகு விஷயத்தை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் ஈப்போவில் இரும்புச் சாமான் கடையைப் பெரிதாக்குகிறார். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஓர் ஆள் வேண்டும். இவர் வந்தால் வேலை தயார், வீடு தயார். வெள்ளிக்கிழமை அவள் போன் செய்து ஆமா இல்லை என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எனக்காக நீ இம்புட்டு நாள் இங்கன இருந்துட்ட. நீ சொன்னா நானும் அங்கன வாரேன். ஒன் இஷ்டந்தான்."

சரி என்ற சொல் பல வருஷமாக என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே துப்பியிருக்கலாம். என் இஷ்டம் என்றதும் பயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கோமதி தீப்பெட்டி ஆபீஸைப் பார்க்கக் கிளம்பினாள். நான் வாசல்வரைக்கும் என்றுதான் போனேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கை போகிற வேகத்தைக் கண் பிடிக்க முடியாது. கோமதியின் கால்சட்டையைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் இப்படி வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை, மூக்குத்துணி எல்லாம் கொடுப்பார்கள் என்று அவள் என் காதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெட்டியில் குச்சி அடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் கையில் 'சர்ர்' என்று பற்றியது. ஒரு கைப்பிடிக் குச்சி. அந்த அம்மாள் அதை மணலில் போட்டு ஈரச்சாக்கை எடுத்து மூடினாள். பக்கத்தில் இருந்தவள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

நான் அதற்குள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது, ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. கோமதி முகம் வெளுத்து வந்தாள். "இங்க எப்படிக்கா தூங்குற?" என்று கேட்டாள். தூங்குவதில்லை என்று சொல்லவில்லை. இவர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, பயப்படாத, ஒண்ணுமில்ல என்று என் காலடியில் வைத்தார். அப்போதும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வேறு ஒருத்தி அப்படி ஓடியிருந்தால் ஆபீஸே சிரித்துக் கேலி பண்ணியிருக்கும். எனக்கு எல்லாரும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

புதன்கிழமை கழுகுமலை. உள்ளூர்க்காரர்களைப் போல பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றாள் கோமதி. காருக்கு ஓய்வு கிடைத்ததில் டிரைவர் செல்வத்துக்கு ரொம்பச் சந்தோஷம். உட்கார இடம் கிடைத்த எங்கள் மடியில், நின்றுகொண்டிருந்தவர்கள் மூட்டையும் பையுமாக வைத்தார்கள். ஒருத்தி கேட்காமலேயே தன் கைக்குழந்தையைக் கோமதி மடியில் உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனாள். ஈப்போவில் இப்படிச் செய்தால் போலீசைக் கூப்பிடுவார்கள். பாதி வழியில் டயர் பஞ்சராகி எல்லாரும் இறங்கவேண்டி வந்தது. குழந்தையின் அம்மாவைக் காணோம். பதினைந்து நிமிஷம் கோமதி குழந்தையும் கையுமாகப் பொட்டல் வெளியில் நின்று அழாத குறை. கடைசியில் அந்தப் பெண் பஸ்ஸுக்குப் பின்பக்கமிருந்து நிதானமாக வந்து, "மோண்டுட்டானா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். மோண்டுதான் இருந்தான்.

மலையில் ஒரே பாறையை மேலிருந்து குடைந்து இறக்கிய கோயிலைப் பார்த்ததும் கோமதி ஈரக் கால்சட்டையை மறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் எத்தனை தடவை வந்திருக்கிறேன் என்று கேட்டாள். இதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பும்போது மழை பிடித்தது. ராத்திரி முழுக்கப் பெய்து விடியும்போது ஓய்ந்தது.

வியாழக்கிழமை பளிச்சென்று வெயில். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் இவருக்குப் பங்காக வந்த ஐந்து ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. ஊரை விட்டுப் போனால் அதை விற்கவேண்டும். எதை விட்டுவிட்டு வரப்போகிறார் என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள் கோமதி. வெயில் அடித்தால்தான் குச்சி காயும் என்பதால் அன்றைக்கு ஆபீஸை விட்டு இவரால் வரமுடியவில்லை. செல்வத்திடம் வழி சொல்லி அனுப்பினார்.

தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கியது. ஓடை ஒன்றைக் கடந்தோம், கணுக்கால் அளவுத் தண்ணீர். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய குட்டை நின்றது. பக்கத்து நிலம் வெயிலில் காய்ந்து, மேலே ஏடு படிந்த மாதிரி கெட்டியாகத் தெரிந்தது. செல்வம் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

எனக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் கரிசலில் மேலே காய்ந்திருந்தாலும் கீழே களிதான், இரண்டு நாள் போகாமல் மாட்டு வண்டிகூட இறக்கமாட்டார்கள். குட்டைக்குள்ளேயே விட்டிருந்தால் பழைய தடத்தில் சக்கரம் பிடித்துப் போயிருக்கும். பதினோரு வருஷமாகக் காதில் விழுந்த பேச்சு இது. வாய்வரை வந்தது. நமக்கு என்ன தெரியும், டிரைவருக்குத் தெரியாதா என்று விழுங்கிவிட்டேன். இந்த ஊர் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதே இல்லை, அதுவே பழகிப்போயிருந்தது.

கார் பத்தடி போனது. பிறகு பின்பக்கம் மெதுவாக உட்கார்ந்தது. செல்வம் மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறித்துக்கொண்டு கீழே போனது. இறங்கித் தள்ளினோம். கோமதியின் ஷூ ஒவ்வொன்றும் மண் அப்பிக் கருங்கல் கனம் கனத்தது. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஓர் ஆள் இல்லை. மேற்கே பார்த்தேன். வானம் மண்ணின் நிறத்துக்கு இருந்தது.

முதல் இடி விழுந்ததும் கோமதி காருக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டாள். இடி மின்னலுக்குக் கார்தான் பத்திரம், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது, உள்ளே வாக்கா என்று கத்தினாள். அவள் சொன்னது சரிதான். எனக்கும் உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்காரத்தான் ஆசை. அப்போதுதான் ஓடையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, ஓடைத் தண்ணீர் மட்டும் செம்பழுப்பாக மாறிச் சருகும் முள்ளும் மிதந்து வந்துகொண்டிருந்தது. மேற்கே பெய்கிற மழை. நாங்கள் நின்றது ஓடையை ஒட்டின பள்ளம்.

பல் அடித்துக்கொண்டது. இடிக்குப் பயந்து காருக்குள் இருப்பதா, தண்ணீருக்குப் பயந்து வெட்டவெளியில் ஓடுவதா? இந்தத் தடவை விழுங்கினால் மூன்று பேரும் செத்தோம் என்று புரிந்தது. கதவைத் திறந்து கோமதியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "ஷூவைக் கழட்டு" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு புல் முளைத்த வரப்பு ஓரமாகச் சின்னச் சின்ன எட்டாக வைக்கச் சொன்னேன். அரை பர்லாங்கில் ஓர் ஆட்டுக்கூட்டம் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் குளம்பு அழுகிவிடும் என்று மழை வந்தால் ஆடு மேய்க்கிற கீதாரிகள் அவற்றைச் சரள் மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள் என்று இவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஆடு போன தடத்திலேயே போவோம் என்றேன். ஏன் என்று செல்வமும் கேட்கவில்லை, கோமதியும் கேட்கவில்லை.

ஒவ்வொரு மின்னலுக்கும் மூன்று பேரும் குந்தினோம், எழுந்தோம். வழியில் மழை எங்களைப் பிடித்துக்கொண்டது. கோமதி சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், மழையில் தெரியவில்லை. காலுக்கடியில் சரளைக் கல் குத்தினபோது அவ்வளவு சுகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் காரின் பாதிச் சக்கரத்துக்குமேல் தண்ணீர்.

மேட்டில் பாலித்தீன் தாளைக் கம்பில் கட்டிக் கூடாரம் மாதிரி போட்டிருந்தார்கள். என் வயசுதான் இருக்கும், ஒரு பெண் கையில் கம்போடு "ரா, ரா" என்று ஆடுகளைத் தெலுங்கில் அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அவள் எங்களைப் பார்த்தாள். கோமதியின் கால்சட்டையை, செல்வத்தின் வெள்ளைச் சட்டையை, தூக்கிச் செருகின என் சேலையை, கையில் இருந்த செருப்பை. எந்த ஊர் என்று யாரையும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"இவியளுக்குத்தான் தெரியாது, அசலூரு. ஒனக்கு எங்க போச்சு தாயி புத்தி? மழ பேஞ்ச மறாநாளு கரிசல்ல வண்டிய எறக்குவாங்களா? ஓடப் பள்ளத்துல கொண்டு நிப்பாட்டுவாங்களா? வாயத் தொறந்து சொல்லப்படாது?"

அதோடு அவள் விடவில்லை. மூணு உசுரு, வெளையாட்டா போச்சா, வீட்டுல என்னத்தச் சொல்லி வளத்தாங்க என்று ஆட்டை அதட்டுகிற அதே குரலில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பதினோரு வருஷத்தில் இந்த மண்ணில் என்னை ஒருத்தரும் இப்படித் திட்டினதில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் என்று நினைத்தால்தானே திட்டுவார்கள்? உடம்பு பயத்தில் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. உள்ளே சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் இரண்டு திட்டுத் திட்டமாட்டாளா என்று இருந்தது.

திட்டி முடித்துவிட்டு அவளே தூக்குச்சட்டியிலிருந்து கம்பங்கூழ் ஊற்றி, வெங்காயத்தைக் கையால் நசுக்கிக் கொடுத்தாள். மினரல் வாட்டர் தவிர வேறு எதையும் குடிக்காத கோமதி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். மழை விடுகிறவரை நான் அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டேன். எந்த நிலத்தில் எத்தனை நாள் ஆட்டைக் கிடை போடுவீர்கள், எரு கொடுத்ததற்கு நிலத்துக்காரர் என்ன தருவார், இந்தச் செடிக்கு என்ன பெயர், உனக்கு இடிக்குப் பயமில்லையா? பயமில்லாம என்ன, ஆட்ட விட்டுட்டு எங்கன ஓட என்றாள். முதல் வருஷம் ஆறு பக்கம் கடிதம் எழுதினவள் எனக்குள் எங்கேயோ கிடந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் எழுதவேண்டும் என்று கை பரபரத்தது.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்து காரை இழுத்தார்கள். சீட்டு வரைக்கும் சேறு.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் வரவில்லை என்று கோமதியிடம் சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தீ, இடி, வெள்ளம் என்று விரல் விட்டு எண்ணினாள். "பயந்தே செத்துப்போவ இங்க" என்றாள். இருக்கலாம் என்றேன். அங்கே வந்தாலும் வேறு எதற்காவது பயப்படத்தான் போகிறேன், இங்கேயே பயந்துகொள்கிறேன் என்றேன். "பைத்தியம்லா நீ" என்று அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். சேறு மணக்கும் காரில் அவளை ஏற்றி அனுப்பினேன்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, போகவில்லை என்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்றார். "அஞ்சு நாளு என்ன, கல்யாணமான நாள்ல இருந்தே இந்தப் பயந்தான். ஒரு சத்தம் போட்டா கெளம்பிப் போயிருவியோன்னு…"

ஒரே வீட்டில் இரண்டு பயந்தாங்கொள்ளிகள் இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் விருந்தாளியாக வைத்துச் சோறு போட்டிருக்கிறோம். காரைத் தப்பாகத் திருப்பினது செல்வம்தான் என்று முந்தின நாள் இவரிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியையும் சொன்னேன். கரிசலில் இறக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன் என்றேன்.

இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த? ஓடை அடிச்சிட்டுப் போயிருந்தா நான் எங்கன போய்த் தேடுவேன்?"

குரல் தெருவுக்குக் கேட்டது. தெருவில் மற்றவர்கள் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்று இவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் இடுப்பில் கையை வைத்தேன். அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினீர்களா, டிரைவருக்கு வழி சொல்லத் தெரிந்ததே, ஓடையைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லையா என்று பிடித்துக்கொண்டேன். இவர் ஒன்று சொல்ல நான் இரண்டு சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் குரலைக் குறைக்கவில்லை.